ஹாஸர்: கவசம் போட்ட கெளுத்தி

மீன் கடையில் ஒரு மீனைக் காட்டி, "இது சாகவே சாகாது சார், தைரியமா வாங்கிட்டுப் போங்க" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அப்படிச் சொல்லத் தகுந்த மீன்கள் சில உண்டு. இந்த அத்தியாயத்தில் வரும் ஹாஸர் அவற்றில் ஒன்று. ஆனால் எளிதில் சாகாத மீனைத்தான் நாம் எளிதில் கொடுமைப்படுத்துகிறோம். கெட்ட தண்ணீரில் விட்ட கோல்டு ஃபிஷ் மூன்றாம் நாளே மிதந்து தவறைச் சொல்லிவிடும். ஹாஸர் சொல்லாது. மீசை தேய்ந்து, வயிறு சிவந்து, மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே இதை வளர்ப்பவர் முதலில் கற்க வேண்டியது, உயிரோடு இருப்பதையும் நலமாக இருப்பதையும் பிரித்துப் பார்ப்பது.

விலங்கியல் பெயர் ஹாப்லோஸ்டெர்னம் லிட்டோராலே. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, வெனிசுவேலா, கயானா தொடங்கி அமேசான் வழியாக அர்ஜென்டினாவின் வடபகுதி வரை பரவியிருக்கிறது. டிரினிடாட் தீவிலும் உண்டு. ஊருக்கு ஒரு பெயர்: கயானாவில் ஹாஸர், டிரினிடாட்டில் கஸ்கடூரா, சுரினாமில் குவிக்குவி, பிரெஞ்சு கயானாவில் அத்திப்பா, பிரேசிலில் தமுவாத்தா. அங்கெல்லாம் இது சந்தையில் விற்கும் உணவு மீன். தொட்டி மீனாக இதை அறிந்தவர்கள் குறைவு. நம் கடைகளில் கவசக் கெளுத்தி என்றால் எல்லோருக்கும் தெரிந்தது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் 'சக்கர்' மீன். அடுத்தபடி விரல் நீளக் கோரி. ஹாஸர் கோரியின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் உடல் பல மடங்கு பெரிது. சக்கர் வேறு குடும்பம்.

அடையாளம் கண்டுபிடிப்பது கடினமல்ல. சாம்பலும் கரும்பழுப்பும் கலந்த நிறம். உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வரிசை எலும்புத் தகடுகள். நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறியிருக்கும். இரண்டு வரிசையும் சந்திக்கும் கோடு பக்கவாட்டில் நடுவே தெளிவாகத் தெரியும். மோவாயில் நீண்ட மீசைகள். வளர்ந்த மீன் பொதுவாக 15 முதல் 20 சென்டிமீட்டர். 24 வரை போவதும் உண்டு.

இதன் சின்னப் பங்காளி ஒன்று மெகாலெகிஸ் என்ற பேரினத்தில் இருக்கிறது. கடைகளில் இரண்டையும் 'ஹாப்லோ' என்ற ஒரே பெயரில் விற்றுவிடுவார்கள். வாலைப் பாருங்கள். ஹாஸரின் வால் நடுவில் சற்றே உள்வாங்கியிருக்கும், உடலில் புள்ளி அதிகம் இராது. மெகாலெகிஸுக்கு வால் விளிம்பு வட்டமாகவோ நேராகவோ இருக்கும், உடலெங்கும் கரும்புள்ளிகள். உங்களிடம் மூன்றடித் தொட்டிதான் இருக்கிறதென்றால் புள்ளி போட்டதையே வாங்குங்கள். கீழே சொல்லும் முறைகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

வாங்கும்போது

தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நல்ல ஹாஸர் பகலில் அசையாமல் கிடக்கும். சட்டென்று ஒரு நேர்கோட்டில் மேலே பாய்ந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, போன வேகத்திலேயே கீழே இறங்கும். இது மூச்சுத் திணறல் அல்ல, அதன் இயல்பு. நம் விரால் மீனும் மேலே வந்து காற்றுக் குடிக்கும். அது தலைக்குள் உள்ள அறையில் வைத்து மூச்சு விடுகிறது. ஹாஸர் குடிக்கும் காற்று குடலுக்குப் போகிறது. குடலின் பின்பகுதிச் சுவர் மெலிந்து, இரத்தக் குழாய்கள் நிறைந்து, நுரையீரலின் வேலையைச் செய்கிறது. மிச்சக் காற்று ஆசனவாய் வழியாகக் குமிழியாக வெளியேறும். எப்போதாவது ஒருமுறை மேலே வருவது சரி. ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தண்ணீரில் கோளாறு, வாங்காதீர்கள்.

அடுத்து மீசையைக் கவனியுங்கள். நுனி மெல்லியதாகக் கூர்ந்து முடிய வேண்டும். கட்டையாக, குச்சியை ஒடித்ததுபோல் இருந்தால் அந்த மீன் நெடுநாள் அழுக்குத் தரையில் கிடந்திருக்கிறது. கண்ணாடிப் பக்கம் வயிற்றைக் காட்டும்போது சிவப்புத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கண் குழிந்து, தகடுகளுக்குக் கீழே வயிறு ஒட்டியிருந்தால் பட்டினி கிடந்த மீன், தேறுவதற்கு நாளாகும்.

வலையில் பிடிக்க விடாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பயந்தவுடன் ஹாஸர் தோள் துடுப்பு முட்களை விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலை நூல் அதில் சிக்கிவிட்டால் இழுத்து எடுக்க முடியாது. இழுத்தால் முள் மூட்டில் காயம். சிக்கிவிட்டால் கத்தரியால் வலையை வெட்டுவதே வழி. நூறு ரூபாய் வலை போகட்டும். பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்துவைத்து, கையால் மெல்ல ஓட்டி உள்ளே விட்டுத் தண்ணீரோடு தூக்குவது நல்லது. கவரை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள், முள் ஒரு கவரைக் குத்திக் கிழித்துவிடும். கவரில் பாதிக்கு மேல் காற்று இருக்கட்டும்.

தொட்டியும் தரையும்

நான்கு அல்லது ஐந்து மீன்களுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி வேண்டும். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். உயரத்தைவிட நீள அகலம் முக்கியம். இது தரையில் வாழும் மீன், மேலே போய் மூச்சு வாங்க வேண்டிய மீன். இரண்டரை அடி ஆழம் அதற்கு வீண் அலைச்சல். ஒற்றையாக வளர்க்காதீர்கள், ஒளிந்தே கிடக்கும்.

மூடி கட்டாயம், ஏனென்றால் குதிக்கும். ஆனால் நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விட்டே ஆக வேண்டும். அழகுக்காகத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பிக் கண்ணாடியால் மூடிவிட்டால், எத்தனை ஏரேட்டர் ஓடினாலும் இந்த மீனுக்குக் காற்று குடிக்க இடமில்லை.

தரைக்கு என்ன போடுவது என்பதில்தான் நம்மூரில் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பலரும் எம்-சாண்டைக் கொட்டிவிடுகிறார்கள். அது கருங்கல்லை உடைத்துச் செய்த மணல். ஒவ்வொரு துகளிலும் முனை உண்டு. ஹாஸர் இராத்திரி முழுக்க மீசையால் தரையைத் துழாவி, வாயை உள்ளே விட்டு இரை தேடுகிற மீன். முனையுள்ள மணல் அந்த மீசையை அராவிவிடும். வர்ணம் பூசிய கூர்க்கற்களும் அப்படியே. ஆற்று மணல் கிடைத்தால் அதையோ மீன் கடையில் விற்கும் உருண்டை மணலையோ வாங்கிச் சலித்து, கலங்கல் நிற்கும்வரை அலசி, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் பரப்புங்கள். அதற்கு மேல் போனால் அடியில் காற்றுப்படாமல் அழுகும். எதுவும் கிடைக்கவில்லையா, வெறுங்கண்ணாடித் தரையே மேல்.

ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானை, பிவிசி குழாய்த் துண்டு, வேர்க்கட்டை எதுவானாலும் சரி. மீன் உள்ளே திரும்பிக்கொள்ளும் அளவு வாய் அகலம் இருக்கட்டும். முள்ளை விரித்துக்கொண்டு குறுகிய குழாயில் மாட்டிக்கொள்வது இதற்கு வழக்கம். வெளிச்சம் குறைவாகப் போதும். மேலே மிதக்கும் செடிகள் இருந்தால் பகலிலும் வெளியே வரும்.

தண்ணீர்

இந்த மீன் சதுப்பிலும் நெல்வயல் வாய்க்காலிலும் சேற்றுக் குட்டையிலும் வாழ்கிறது. ஆகவே போர் தண்ணீரின் கடினத்தன்மை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் நல்லது. கடற்கரை ஊர்களில் ஹீட்டர் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் தொட்டி 30ஐத் தாண்டும்போது மூடியைச் சற்றுத் தூக்கி மின்விசிறிக் காற்று படும்படி செய்யுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஏரேட்டர் போட்டு ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள், அல்லது கடையில் 'ஹைப்போ' என்று கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் கலந்துகொள்ளுங்கள்.

மின்சாரம் போய் ஏரேட்டர் நின்றால் மற்ற மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும், ஹாஸர் கவலைப்படாது. இந்த ஒன்றைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காற்றைக் குடிப்பதால் அதற்கு ஆக்சிஜன் பஞ்சம் தீர்கிறது. தண்ணீரில் சேரும் அம்மோனியா தீருவதில்லை. அது செவுளையும் தோலையும் தாக்கிக்கொண்டேதான் இருக்கும். ஃபில்டர் ஓடட்டும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும்போது குழாயைத் தரையோடு ஒட்டி இழுத்து, மணலில் சேர்ந்த கழிவை உறிஞ்சி எடுங்கள், ஏனென்றால் மீனின் வயிறு படும் இடம் அதுதான்.

வெண்புள்ளி நோய் வந்தால் செதிலுள்ள மீன்களுக்குப் போடும் மருந்தளவை அப்படியே போடக் கூடாது. கவசம் இருக்கிறதே என்று நினைக்கலாம். தகடுகளுக்கு மேலே இருப்பது மென்தோல்தான், வயிறும் திறந்த தோல். பாதி அளவில் தொடங்குங்கள். தாமிரம் கலந்த மருந்து வேண்டாம். கல் உப்பை அள்ளிப் போடும் பழக்கமும் இந்த மீனிடம் வேண்டாம்.

தீனி

பாசி தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேற்றில் உள்ள பூச்சிப் புழுக்கள், சிறு ஓட்டுயிர்கள், மக்கிய பொருள் இவைதான் இதன் இரை. மற்ற மீன்கள் விட்ட மிச்சத்தில் பிழைக்கட்டும் என்று விடுவது பட்டினி போடுவதற்குச் சமம். விளக்கணைத்து அரைமணி கழித்து, மூழ்கும் பெல்லட்டைத் தரையில் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் கழுவிய மண்புழுத் துண்டு, உறைய வைத்த இரத்தப்புழு, தொட்டியில் நீங்களே பிடித்த கொசுப்புழு. சாக்கடை ஓரத்தில் அள்ளி விற்கும் டியூபிஃபெக்ஸை ஆசையாகத் தின்னும், ஆனால் நோயும் கூடவே வரும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கூட்டாளிகள் விஷயத்தில் சுருக்கமாக: நியான் டெட்ரா அளவுள்ள மீன்கள் ராத்திரியில் காணாமல் போகும். குராமி, ஏஞ்சல், பெரிய பார்ப் வகைகள் பொருந்தும். ஆஸ்கர் வேண்டவே வேண்டாம். வாயில் கொள்ளும் அளவு ஹாஸரை அது விழுங்கப் பார்க்கும், ஹாஸர் முள்ளை விரிக்கும், இரண்டும் போய்விடும்.

நுரைக்கூடு

இந்த மீனை வளர்ப்பதன் முழுச் சுவையும் இங்கேதான் இருக்கிறது. 1828இல் ஜான் ஹான்காக் என்ற மருத்துவர், கயானாவின் டெமராராப் பகுதியிலிருந்து இந்த மீனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். ஹாஸர் கூடு கட்டும் என்பதையும் அவர் எழுதினார். கூட்டுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் கையை விட்டால் ஆண்மீன் சீறிப் பாய்ந்து தாக்கும். அந்த நேரத்தில் அதைப் பிடித்துவிடுவார்கள் என்பது அவர் தந்த செய்தி.

மழைக்காலம் தொடங்கி, சதுப்பில் புதுத் தண்ணீர் ஏறும்போது ஆண்மீன் ஆழமில்லாத ஓரத்தைத் தேர்ந்தெடுக்கும். புல், இலைத் துண்டுகளை வாயால் கவ்விக் கொண்டுவந்து மிதக்கும் மேடாகச் சேர்க்கும். அதன் அடியில் மல்லாந்து நீந்தி நுரையைக் கக்கும். ஓரடி அகலம் வரும் இந்த மேட்டில் முட்டைகள் தண்ணீருக்கு மேல் நுரைக்குள்ளேயே தங்குகின்றன. கூட்டின் கீழே உள்ள சேற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமல் போனாலும் முட்டைக்குக் காற்றிலிருந்தே மூச்சு கிடைத்துவிடும்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க மாடியிலோ கொல்லையிலோ உள்ள சிமென்ட் தொட்டி சிறந்தது. புதுத் தொட்டியானால் சிமென்ட் சத்து போகும்வரை பலமுறை தண்ணீர் நிரப்பிக் கொட்டுங்கள். ஓர் ஆணுக்கு இரண்டு பெண். ஆணைத் தோள் முள்ளை வைத்து அறியலாம். இனப்பெருக்கப் பருவத்தில் அதன் முள் தடித்து நீண்டு, செந்நிறமாகி, நுனி மேல்நோக்கி வளையும். பெண்ணுக்கு முள் மெலிந்தே இருக்கும், மேலிருந்து பார்த்தால் வயிறு அகலம். இரண்டு வாரம் மண்புழு கொடுத்துத் தேற்றுங்கள். பிறகு நீர்மட்டத்தை ஓரடிக்குக் குறைத்து, ஐப்பசி மழை பிடிக்கும்போது, முதல் மழை அழுக்கைக் கழித்துவிட்டு, மழைநீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மிதக்கும் செடிகளையும் மருந்தடிக்காத புல் துண்டுகளையும் ஒரு பிடி போடுங்கள். வைக்கோல் சீக்கிரம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஃபில்டர் ஓட்டம் மேற்பரப்பைக் கலக்கக் கூடாது, நுரை நிற்காது.

மூலையில் புல் கூடிக்கொண்டு, அடியில் வெள்ளை நுரை தெரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். முட்டை இட்டபின் பெண்களை எடுத்துவிடுங்கள். ஆண் அவற்றைத் துரத்தும், சிறிய தொட்டியில் காயப்படுத்தும். ஆணை விட்டுவையுங்கள், கூட்டைக் காப்பது அதுதான். எட்டிப் பார்க்கும் ஆசையில் விரலை விடாதீர்கள். அந்த முள் கீறினால் இரத்தம் வரும். தேவையானால் ஒரு குச்சியால் விளிம்பை மட்டும் தூக்கிப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று நாளில் குஞ்சு பொரியும். அப்போது ஆணையும் மாற்றிவிடலாம். மஞ்சள் கரு தீர்ந்தபின் ஆர்ட்டீமியா குஞ்சுகளைக் கொடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக. ஒரு கூட்டில் முட்டை ஆயிரக்கணக்கில் இருக்கும். குஞ்சுகளை யாரிடம் கொடுப்பது என்று முடிவுசெய்துவிட்டு இதில் இறங்குங்கள்.

சட்டியில்

வழிகாட்டி நூலில் இதற்கு இடமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. கயானாவில் ஹாஸரை எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவி, தேங்காய்ப் பாலில் குழம்பு வைக்கிறார்கள். தின்னும்போது தகடுகளை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் சதையை எடுத்துக்கொள்கிறார்கள். 1838 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே போன இந்தியர்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் இருந்தார்கள். டிரினிடாட்டில், கஸ்கடூரா தின்றவர் எங்கே போனாலும் கடைசிக் காலத்தில் அந்தத் தீவுக்கே வந்து சேர்வார் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தலைப்பாகவே வைத்து 1972இல் நாவல் எழுதிய சாமுவேல் செல்வோனின் தந்தை தமிழர், சென்னையிலிருந்து போனவர். செல்வோன் லண்டனிலும் கனடாவிலும் வாழ்ந்தவர். 1994 ஏப்ரலில் டிரினிடாட்டுக்கு வந்திருந்தபோது அங்கே பியார்க்கோ விமான நிலையத்தில் இறந்தார்.

ஏரியில் விடாதீர்கள்

தொட்டியில் நமக்கு வசதியாக இருக்கும் குணங்கள்தான் ஏரியில் ஆபத்து. ஆக்சிஜன் இல்லாத நீரில் பிழைக்கும், கவசம் இருப்பதால் கொக்கும் விராலும் விழுங்கத் தயங்கும், ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் குஞ்சு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1995இல் முதன்முதலாக இதைக் கண்டார்கள். இன்று அந்த மாநிலத்தின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் குளம், வாய்க்கால் எங்கும் வேரூன்றிவிட்டது. நமக்கு இதற்கு ஃபுளோரிடா வரை போக வேண்டியதில்லை. "பாவம், பெரிசாயிடுச்சு, ஏரியில விட்டுடலாம்" என்று யாரோ விட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்து, கெளுத்தியும் கெண்டையும் பிடித்துப் பிழைக்கும் மீனவரின் நாள் வருமானத்தைத் தின்கின்றன.

வளர்க்க முடியாமல் போனால் வாங்கிய கடையிலேயே கொடுங்கள், காசு கேட்காதீர்கள். அங்கே வாங்க மறுத்தால் மீன் வளர்க்கும் வேறொருவரைத் தேடிக் கொடுங்கள். மாடித் தொட்டியில் வளர்க்கிறவர்கள், மழையில் தண்ணீர் வழிந்து மீன் வாய்க்காலுக்குப் போகாதபடி வழிகாலில் கம்பி வலை அடித்துவிடுங்கள். மருந்து எதுவும் போடாமல் வளர்த்த மீனானால் குழம்பு வைத்துவிடுவதிலும் குற்றமில்லை. ஏரி, குளம், கால்வாய், கோயில் தெப்பம் எதிலும் மட்டும் விட வேண்டாம்.